நீ தேர்ந்தெடுத்த சிவப்புக் கார்

சோமு, உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நேற்று மாலை நீ சமையற்கட்டு வாசலில் நின்று கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை ஐயா, பயம். உன் அப்பா போன அன்றுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. அன்று நடக்க வேண்டியது நடந்து முடிந்திருந்தது, அழுவது ஒன்றுதான் பாக்கி. இந்தச் சில வாரங்களாக நான் பயந்துகொண்டிருப்பது இன்னும் நடக்காத ஒன்றுக்கு. அதற்கு எப்படி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் உன் மகளுக்குப் பால் கொடுத்துவிட்டு, கீழே பட்டறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்பதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கதவு திறந்தாகிவிட்டது, நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதில் சிலது உனக்குத் தெரிந்தவை. சிலது உனக்குத் தெரியாமல் நான் செய்தவை. இதை வேறு யார் எடுத்துப் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குப் புரியும்.

பினாங்கில் இந்தச் சூலியா தெருவில் நம்மைப்போலக் கார்களுக்கு மேல் குடித்தனம் செய்கிறவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். உன் அப்பா வாடகைக் கார் ஓட்டி ஓட்டிக் கீழே இந்தப் பட்டறையைப் போட்டார். அவர் போன பிறகு ஆ செங் என்ற சீனனை மெக்கானிக்காக வைத்துக்கொண்டு நான் நடத்தினேன். சமையற்கட்டின் பலகைத் தரைக்கு நேர் கீழேதான் கார்கள் நிற்கும். குழம்பைக் கிண்டிக்கொண்டே, கீழே ஓடுகிற எஞ்சினில் எது சரியில்லை என்று நான் மேலிருந்து கத்துவேன், ஆ செங் கீழிருந்து சிரிப்பான். நீ அந்தச் சத்தத்தில் தூங்கி, அந்தச் சத்தத்தில் விழித்து வளர்ந்தவன். அதனால் நீ கார் வேண்டும் என்று கேட்டது எனக்கு ஆச்சரியமில்லை. எப்போது கேட்டாய், எந்தக் காரை எடுத்தாய் என்பதுதான் என் பயம்.

நம் வீட்டுக்கு மருமகளாக வந்த சரோஜாவைப் பற்றி எழுதாமல் இதை எழுத முடியாது. போன மழைக்காலத்தில் அவள் தாசேக் கெலுகோரில் தன் அப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது காய்ச்சல் கண்டது. ஆள் வந்து சொன்னதும் நீ பட்டறையில் நின்ற வாடகைக் காரை எடுத்துக்கொண்டு ஃபெரி ஏறினாய். அவளைப் பின்னால் படுக்கவைத்துக்கொண்டு பாகான் துறைக்குத் திரும்பும் வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, ரேடியேட்டர் குழாய் வெடித்துக் கார் நின்றுவிட்டது. உன் வேட்டியைக் கிழித்துக் குழாயைக் கட்டினாய். வாய்க்காலிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினாய். மறுபடி கிளப்பி ஃபெரித் துறைக்கு வந்து சேர்ந்தபோது அவள் இல்லை. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது, கார் நிற்காமல் வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். அதை எத்தனையோ முறை உன்னிடம் சொல்லிவிட்டேன். நீ தலையாட்டுவாய், அவ்வளவுதான். அன்றிலிருந்து நீ பாப்பாவைத் தூக்கவில்லை. அவள் உன் காலைக் கட்டிக்கொண்டால் மெல்ல விரல்களைப் பிரித்துவிட்டு நகர்ந்துபோவாய். சரோஜாவின் நெற்றியும் புருவமும் அப்படியே அவளுக்கு வந்திருக்கின்றன. உன்னால் பார்க்க முடியவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்காக உன்னை நான் ஒரு நாளும் குறை சொல்லவில்லை.

மாதக்கணக்கில் எதுவும் வேண்டும் என்று கேட்காதவன், ஒருநாள் சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்துக்கொண்டே சொன்னாய்: "அம்மா, ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாம்னு இருக்கேன். பழசுதான்."

"இப்ப எதுக்குய்யா?"

"எங்கேயும் நிக்காத கார் ஒண்ணு வேணும்மா."

எனக்குச் சந்தோஷம் வந்தது, சொன்னால் நம்புவாயோ என்னவோ. வழியில் பழுதாகி நிற்காத கார், அன்று போல நடுவழியில் கைவிடாத கார், அதைத்தான் கேட்கிறாய் என்று நினைத்தேன். பிள்ளைக்கு ஏதோ ஒன்றின்மேல் ஆசை வந்துவிட்டது, இனி சாப்பிடுவான், தூங்குவான் என்று நினைத்தேன். "நானும் கூட வந்து பார்க்கிறேன்" என்றேன். "வெயில்ல நீ எதுக்கும்மா" என்றாய். "இன்னும் ரெண்டு காது கூட இருந்தா நல்லதுதானே" என்று சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ரப்பர் விலை விழுந்த பிறகு துரைமார்களும் பணக்காரப் பிள்ளைகளும் இரண்டு பேர் மட்டும் உட்காரும் அந்த மாதிரிக் கார்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். தேடவே வேண்டியிருக்கவில்லை.

முதலில் பார்த்தது கடலோரப் பங்களாவில் ஒரு பணக்காரச் சீனத் தவுக்கேயின் கடைசி மகனுடைய பச்சைக் கார். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் இந்த மாதிரிக் காரில் தங்கள் பெண்ணை உட்காரவிட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். நீ போனதும் முதலில் பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாய். சில்லென்றிருந்தது. ஆள் வருவதற்குமுன் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் எஞ்சின் உடனே கிளம்பும், குறை தெரியாது. இது ஆறின எஞ்சின், ஆனாலும் ஒரே சுழற்றில் கிளம்பிற்று. புகையில் நீலம் இல்லை. கதவுக்கு அடியில் மரச்சட்டத்தைக் கத்தி முனையால் குத்திப் பார்த்தாய். உப்புக்காற்றில் மற்றக் கார்களுக்கெல்லாம் அங்கேதான் முதலில் உளுக்கும், இதில் கத்தி இறங்கவே இல்லை. கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்து ஒருமுறை பிரேக்கை மிதித்தாய். கயிறு கட்டி இழுத்த மாதிரி நின்றது. எனக்கு அப்போதே மனதுக்குள் முடிந்துவிட்டது. நீயோ சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டாய்.

"நல்ல கார்தானேய்யா?"

"நல்ல கார்தாம்மா. ரொம்ப அடக்கமா இருக்கு."

அடக்கமாக இருப்பது ஒரு குறையா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. இளம் ஆட்களுக்கு ஏதேதோ பிடிக்கும், பிடிக்காது.

இரண்டாவது, பினாங்கு ரோட்டில் பழைய கார் தரகு பார்க்கிற காதர் பாய் வைத்திருந்த கறுப்புக் கார். அன்றைய நாளை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். பாய் என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டு, கோப்பி வரவழைத்து ஆரம்பித்தார்: "தங்கச்சி, ஒரே கை ஓட்டின காடி. டாக்டர் ஒருத்தரு வச்சிருந்தாரு. மழை பேஞ்சா வெளியில எடுக்க மாட்டாரு லா, அப்படிப் பார்த்துக்கிட்டாரு." நீ பானட்டைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய். நன்றாகச் சுட்டிருந்தது. பிறகு காரைச் சுற்றி நடந்தாய். ஒரு கதவின் இடுக்கில் விரல் போயிற்று, மறு கதவின் இடுக்கில் நகம்கூட நுழையவில்லை. முன் டயர் ஒரு பக்கம் மட்டும் வழுக்கையாகத் தேய்ந்திருந்தது. கதவு ரப்பரின்மேல் புதுக் கறுப்புச் சாயம் தெறித்திருந்தது. கடைசியில் சட்டையைக் கழற்றிவிட்டு மல்லாந்து அடியில் நுழைந்தாய். உள்ளேயிருந்து உன் குரல் வந்தது: "பாய், டாக்டர் இதைக் கொண்டுபோய் எந்த மரத்துல மோதினாரு?"

பாய் தலையைச் சொறிந்துகொண்டு, "மரம் இல்லை தம்பி. மாட்டு வண்டி" என்றார்.

நீ சிரித்தாய். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, வயிறு குலுங்க, பாயும் நானும் பார்த்துக்கொண்டிருக்கச் சிரித்தாய். வெளியே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ், பல் மட்டும் வெள்ளை. என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டான் என்று நான் அந்தக் கோப்பியைச் சர்க்கரை இல்லாமலே குடித்துவிட்டேன். கிளம்பும்போது நீ பாயின் கையைப் பிடித்துச் சொன்னாய்: "வேற யாருக்காவது குடுக்கிறதுக்கு முன்னால முன் அச்சை நிமித்திடுங்க பாய். இல்லாட்டி ஒருத்தன் உயிர் போயிரும்." யாரோ ஒருவன், நீ பார்த்தே இராத ஒருவன், அவன் உயிருக்கு அன்று அவ்வளவு கவலைப்பட்டாய். அதை நினைத்து நினைத்துத்தான் அடுத்து நடந்தது எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாவது காருக்காக நிபோங் திபால் போனோம். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்புகிறார், சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விற்கிறார் என்று கேள்விப்பட்டு, ஃபெரி தாண்டி வாடகைக் கார் வைத்துக்கொண்டு போனோம். பங்களாவில் பாதிச் சாமான்கள் பெட்டிக்குள் போயிருந்தன. கொட்டகையில் செம்மண் தூசி படிந்து அந்தக் கார் நின்றது. துரை வயதானவர், தோட்டத்துத் தமிழ் பேசினார். ஆள்களிடம் பேசிப் பழகிய தமிழ், யாரையும் நீ என்றுதான் சொல்வார், ஆனால் குரலில் அவமதிப்பு இல்லை. "எஞ்சின் நல்லது, ராஜா எஞ்சின். பிரேக் மோசம். நீ மிதி, பெடல் கீழே போகும், கார் போய்க்கிட்டே இருக்கும். நான் பொய் சொல்ல மாட்டான்" என்றார்.

பாயின் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் நீ. இந்தக் காரில் நீ குனியக்கூட இல்லை. பானட்டைத் தொடவில்லை, கத்தியை எடுக்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. பிரேக் மோசம் என்று அவர் சொன்னதும் உன் முகத்தில் ஏதோ இளகிற்று. நான் பார்த்துக்கொண்டிருந்தேன் சோமு. "ஓட்டிப் பார்க்கிறேன்" என்று ஏறினாய். நான் மறு பக்கம் ஏறி உட்கார்ந்தேன். நீ தடுக்கவில்லை. நான் ஏறியதை நீ கவனித்தாயா என்பதே எனக்கு இன்றுவரை சந்தேகம்.

தோட்டத்துச் செம்மண் சாலை நேராகக் கீழே இறங்கி ஒரு மரப்பாலத்தில் போய் முடியும். நீ வேகத்தை ஏற்றிக்கொண்டே போனாய். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சுவர் போல ஓடின. பாலத்தின்மேல் ஒரு மாட்டு வண்டி ஏறிக்கொண்டிருந்தது. "மெதுவாய்யா" என்றேன். நீ பிரேக்கை மிதித்தாய், பெடல் பலகை வரை போயிற்று, கார் ஓடிக்கொண்டே இருந்தது. கார் ஓட்டுகிற எவனும் அந்த நேரத்தில் கை பிரேக்குக்குப் பாய்வான், கியரை இறக்குவான், கத்தவாவது செய்வான். உன் கைகள் ஸ்டியரிங்கின்மேல் சும்மா கிடந்தன. நான் உன் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் காய்ச்சல் விட்டுத் தூங்கும்போது ஒரு முகம் வைத்துக்கொண்டிருப்பாய், அந்த முகம். நான்தான் கை பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து உடம்பையெல்லாம் போட்டு இழுத்தேன். கார் திரும்பி, லாலாங் புல்லுக்குள் புகுந்து, சாய்ந்து நின்றது. நீ தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவன் மாதிரி என்னைப் பார்த்தாய்.

"பயந்துட்டியாம்மா?"

நான் கை பிரேக்கை விடாமலே, "பிரேக்கைப் புதுசாப் போட்டுக்கலாம்ல?" என்றேன்.

"எதுக்கு?" என்றாய்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. எங்கேயும் நிற்காத கார் என்று நீ கேட்டது எந்தக் காரை என்று விளங்கிற்று. பச்சைக் கார் ஏன் வேண்டாம் என்றாய் என்று விளங்கிற்று. திரும்பி வந்து துரையிடம், "இதை எடுத்துக்கிறேன். பத்து பிரிங்கி ரோட்டு வளைவுல விட்டுப் பார்க்கணும்" என்று நீ சொன்னாய். அந்த வளைவுகளில் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கீழே கடல்.

இனி சொல்வது உனக்குத் தெரியாது. நீ கிணற்றடியில் கை கழுவப் போனபோது நான் துரையிடம் ஓடினேன். ஓடினேன் என்றால் உண்மையாகவே ஓடினேன், தலைமுடி அவிழ்ந்து, புல் ஒட்டின சேலையோடு. "துரை, இந்தக் காரை என் பிள்ளைக்குக் குடுக்காதீங்க" என்றேன்.

"ஏன் அம்மா? நான் பிரேக் கதை சொல்லிட்டேனே."

"அதனாலதான் துரை அவனுக்கு இது வேணும். அவன் பெஞ்சாதி செத்துப்போச்சு. அவனுக்கு பிரேக் வேணாமாம்."

அவர் காலடியில் படுத்திருந்த நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "என் தம்பி ஒருத்தன். சண்டைக்குப் போயி நல்லா திரும்பி வந்தான். கை கால் நல்லா இருந்துச்சு. எங்க அம்மா ஒண்ணும் கேட்கலை. பாவம் பையன், சும்மா விடுன்னு சொல்லுச்சு. ஒரு நாள் அவன் இல்லை. நீ சும்மா விடாதே."

நீ திரும்பி வந்ததும், பிரேக் சரியில்லாத காரைக் கைமாற்றினால் தன் பேர் கெடும், முதலில் சரி செய்யட்டும், காரை லாரியில் நம் பட்டறைக்கே அனுப்பிவைக்கிறேன் என்று அவர் சொன்னாரே, அது அவர் பேருக்காக இல்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டதற்காக. நீ வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டாய். திரும்பும்போது ஃபெரியில் நான் உன் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன். காற்று அதிகமாக இருக்கிறது என்று சொன்னேன்.

கார் வந்தது. ஆ செங் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பிரேக் தா மாக்கான், கக்கா" என்றான். பிரேக் பிடிக்கவில்லை என்பதற்கு மலாயில் அப்படித்தான், பிரேக் தின்னவில்லை என்பார்கள்; அக்காவைத்தான் கக்கா என்பான். "மெல்லச் செய் ஆ செங்" என்றேன். எவ்வளவு மெல்ல என்று கேட்டான். என் முகத்தைப் பார்த்தான், அப்புறம் கேட்கவில்லை. மாட்டின சக்கரத்தை மறுபடி கழற்றினான். கேபிள் சரியில்லை என்றான், சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும் என்றான். நீ தினமும் வந்து காரைப் பார்த்துவிட்டுப் போவாய். இதற்குள் உன் கைக்கடிகாரத்தை அவனிடம் கொடுத்திருக்கிறாய், வைத்துக்கொள், எனக்கு வேண்டாம் என்று. அவன் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து அடுப்புத் திட்டில் வைத்தான். "நான் எடுக்க மாட்டேன் கக்கா. இது நல்லா இல்லை" என்று மட்டும் சொன்னான். அதே வாரத்தில்தான் நீ என்னிடம், பாப்பாவைக் கான்வென்டில் சேர்த்து நன்றாகப் படிக்கவை என்றாய். ஊருக்குப் போகிறவன் சொல்கிற மாதிரி.

நான் என்ன செய்யவில்லை? தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறி முருகன் முன்னால் வாய்விட்டு அழுதேன். சரோஜாவின் அப்பாவை வரவழைத்தேன். அவர் உன் தோளைப் பிடித்துக்கொண்டு பேசினார், நீ தலையாட்டினாய். ஒரு மத்தியானம், ஆ செங் சாப்பிடப் போயிருந்தபோது, கை நிறைய மணலை அள்ளிக்கொண்டு பட்டறையில் அந்தச் சிவப்புக் காரின் பக்கத்தில் நின்றேன். எண்ணெய் ஊற்றுகிற இடத்தில் போட்டுவிட்டால் எஞ்சின் தொலைந்தது. போடவில்லை. இந்தக் காரைக் கெடுத்தால் நீ இன்னொன்றைத் தேடுவாய், கார் கிடைக்காவிட்டால் இந்த ஊரைச் சுற்றிலும் கடல்தானே இருக்கிறது என்று தோன்றியது. எதையெதை நான் பூட்டிவைப்பேன்? மணலை வாசலில் கொட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆ செங்கால் அதற்குமேல் தள்ளிப்போட முடியவில்லை. கேபிள் வந்து, புது லைனிங் போட்டு, நேற்று மத்தியானம் கார் தயாராகிவிட்டது. நீ ஓட்டிப் பார்க்க எடுத்தாய். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஜன்னலில் நின்றேன். தெருவின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வேகமாக வந்தாய், அப்படியே நேராகப் பெரிய சாலைக்குப் போய்விடப்போகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆ செங் கையை ஆட்டிக் கத்தினான், நீ அவன் பக்கம் பார்க்கவே இல்லை. அப்போதுதான் காய்கறிக் கூடையோடு ஒரு சீனப் பாட்டியை ஏற்றிக்கொண்டு சந்திலிருந்து ரிக்‌ஷா ஒன்று உன் குறுக்கே வந்தது.

நீ மிதித்தாய். தெரு முழுக்கக் கேட்கும்படி டயர் அலறிற்று. கார் நின்றது. ரிக்‌ஷாக்காரன் உன்னைத் திட்டிக்கொண்டே போனான், பாட்டி சிதறின முள்ளங்கியைப் பொறுக்கிக் கூடைக்குள் போட்டுக்கொண்டாள். அவர்கள் போய்விட்டார்கள். நீ நகரவில்லை. உன் தலை மெல்லக் கவிழ்ந்து ஸ்டியரிங்கின்மேல் போய் விழுந்தது. மேலிருந்து எனக்கு உன் முதுகு மட்டும் தெரிந்தது, அது குலுங்கிக்கொண்டிருந்தது. பாப்பாவைப் பக்கத்து வீட்டு அக்காவின் கையில் திணித்துவிட்டு வெறுங்காலோடு இறங்கி ஓடி வந்தேன். பின்னால் மாட்டு வண்டிகள் நின்றுவிட்டன, ஒரு பஸ் ஹாரன் அடித்தது. நான் மறு பக்கம் ஏறி உட்கார்ந்தேன். சரோஜாவின் உடம்பைக் கொண்டுபோனபோதுகூட அழாதவன், நடுத்தெருவில், கடைக்காரர்களெல்லாம் வெளியே வந்து பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாய். "நின்னுடுச்சும்மா, நின்னுடுச்சு" என்று அதையே சொன்னாய். இந்தக் காரைச் சொன்னாயா, அன்று ரப்பர் தோட்டத்தில் நின்ற காரைச் சொன்னாயா, எனக்குத் தெரியவில்லை. உன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். பஸ்காரன் ஹாரனை நிறுத்திவிட்டான்.

பிறகு மாலையில் முகம் கழுவிக்கொண்டு வந்து கேட்டாய்: "அம்மா, நாளைக்குப் பாப்பாவைக் கார்ல கடற்கரை வரைக்கும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போகட்டுமா?"

இத்தனை மாதங்களில் அவள் உன்னோடு வேண்டும் என்று நீ கேட்ட முதல் வார்த்தை. அதற்காக நான் எத்தனை தெய்வத்தைக் கும்பிட்டேன். கேட்டுவிட்டாய், என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. அழுது தீர்த்துவிட்டான், இனிப் பயமில்லை என்று நினைக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் உன்னைத் தனியாக ஒரு காரில் அனுப்பவே நடுங்குகிறவள், அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து எப்படி அனுப்புவேன்? இதை எழுதும்போதே என் கை கூசுகிறது. பெற்ற பிள்ளையைப் பார்த்து இப்படி ஒரு சந்தேகம் வரலாமா? வந்துவிட்டது. துரையின் அம்மா கேட்காமல் விட்டதை நான் கேட்டுவிடுகிறேன்.

சோமு, நீ செத்துப்போக வேண்டும் என்று நினைத்தாயா? இப்போதும் நினைக்கிறாயா? நேராகச் சொல். ஆமாம் என்றாலும் சொல். நான் கத்த மாட்டேன், மாரில் அடித்துக்கொள்ள மாட்டேன், தெருவைக் கூட்ட மாட்டேன். துக்கம் ஆறிவிடும் என்று பொய் சொல்லவும் மாட்டேன். உன் அப்பா போய் இவ்வளவு காலமாகியும், கீழே யாராவது அவர் மாதிரி இருமினால் எனக்குக் கை நின்றுவிடுகிறது. ஆனால் நிற்கிற கை மறுபடி கரண்டியைப் பிடிக்கிறது. அது எப்படி என்று எனக்கும் தெரியாது, பிடிக்கிறது என்பது மட்டும் தெரியும். தாங்க முடியாத நேரம் வந்தால் பேச வேண்டாம், வந்து அடுப்படியில் உட்கார். நடு ராத்திரியானாலும் என்னை எழுப்பு. என்னிடம் முடியாது என்றால் ஆ செங்கிடம் போ, அவன் ஒன்றும் கேட்க மாட்டான். நிபோங் திபாலுக்குப் போ, துரையின் கப்பலுக்கு இன்னும் நாளிருக்கிறது, அவருக்கு உன் தமிழ் புரியும். தனியாக மட்டும் இருக்காதே. பாப்பாவின் நெற்றியைப் பார்க்க முடியவில்லை என்றால் முதலில் அவள் கையைப் பார். அது உன் கை, அதே கோணல் சுண்டுவிரல். இதுவரை நீ கவனித்திருக்க மாட்டாய்.

அவளைக் குளிப்பாட்டி, மஞ்சள் சட்டை போட்டு, தலையில் ரிப்பன் கட்டிவிட்டேன். செருப்பைத் தானே மாட்டுவேன் என்று அடம்பிடித்துக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு மாடிப்படியின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறாள். "அப்பா எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆ செங்கைக் கூப்பிட்டு இதை உன் கையில் கொடுக்கச் சொல்கிறேன். அங்கேயே நின்று முழுக்கப் படி. படித்துவிட்டு மேலே வந்து எனக்குப் பதில் சொல். இல்லைம்மா, இனி இல்லை என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னால், அவளை நீயே தூக்கிக்கொண்டு போய்க் காரில் உட்காரவை. இன்னும் இருக்கிறதும்மா என்றால் அதையும் சொல். அப்படியானால் இன்றைக்குக் கார் கீழேயே நிற்கட்டும். நாம் மூன்று பேரும் நடந்தே கடற்கரைக்குப் போவோம்.